முறைக்கத் தெரியாதவன்

குழந்தைக் கதைகளில் வரும் பாடிங்டன் கரடிக்கு அவனுடைய லூசி அத்தை கற்றுக்கொடுத்த வித்தை ஒன்று உண்டு. மரியாதை தவறி நடப்பவர்களை அவன் உற்றுப் பார்ப்பான். அவ்வளவுதான், எதிரில் இருப்பவர் நெளிய ஆரம்பித்துவிடுவார். லண்டனில் காலம் தள்ளும் என்னைப் போன்ற வாயில்லாப் பூச்சிக்கு இதைவிட நல்ல ஆயுதம் எது? பேருந்து வரிசையில் எனக்கு முன்னால் நுழைந்த ஒருவரிடம் பிரயோகித்துப் பார்த்தேன். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கனிவாக விசாரித்தார். ஏறியதும் எனக்கு உட்கார இடமும் பிடித்துக்கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோதே மகள், "அப்பா, கண்ணுல தூசி விழுந்துடுச்சா?" என்று கேட்டிருந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அடுத்தது மார்மலேட், அதாவது ஆரஞ்சு ஜாம். 2022இல் எலிசபெத் அரசியின் ஆட்சிக்கான பிளாட்டினம் விழாவுக்காக எடுத்த குறும்படத்தில், பாடிங்டன் தொப்பிக்கடியிலிருந்து மார்மலேட் சாண்ட்விச்சை நீட்ட, அரசியே தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு கடை மார்மலேட் வாங்குவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நானே செய்ய இறங்கினேன். ஜனவரி வாக்கில் சில வாரங்களுக்கு மட்டும் செவில் ஆரஞ்சு வரும். கசப்பும் புளிப்புமான பழம். நாரத்தங்காய் ஊறுகாயோடு வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமே இல்லை. கொட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். என் சுத்தத்தைப் பற்றி மனைவியிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். மார்மலேடை இறுகவைக்கும் பெக்டின் அந்தக் கொட்டையிலும் தோலின் வெள்ளைப் பகுதியிலும்தான் இருக்கிறது, அவற்றைத் துணியில் முடிந்து கூடவே கொதிக்கவிட வேண்டும் என்பதெல்லாம் பிறகு படித்தது. பாட்டில்களில் நின்றது ஆரஞ்சுத் தண்ணீர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாள். லூசி அத்தையின் வித்தை எங்கள் வீட்டில் யாருக்கு வாய்த்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. என் காது மடல் சூடானது.

பாடிங்டனும் சொதப்புகிறவன்தான். தன்னை ஏற்றுக்கொண்ட பிரவுன் குடும்பத்தின் வீட்டுக்கு வந்த நாளிலேயே குளியலறையை வெள்ளக்காடாக்கினான். அறைச் சுவருக்குக் காகிதம் ஒட்டப்போய்க் கதவையும் சேர்த்து ஒட்டிவிட்டு, வெளியே போக வழி தேடினான். ஆனால் அவன் கெடுத்ததைப் பார்த்து யாரும் அவனை வெறுப்பதில்லை. நான் கெடுத்ததை நான்தான் துடைக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, எழுத்து. பாடிங்டனைப் படைத்த மைக்கேல் பாண்ட் பிபிசியில் கேமரா இயக்கியவர். 1956 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பாடிங்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் விற்காமல் கிடந்த ஒற்றைக் கரடிப் பொம்மையை மனைவிக்காக வாங்கினார். பின்னால் அதை வைத்தே எழுத ஆரம்பித்து, பத்தே நாளில் புத்தகத்தை முடித்தார்; அது 1958இல் வெளிவந்தது. முதலில் கரடியை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்திருந்தார். அங்கே ஏது கரடி என்று இலக்கிய முகவர் கேட்கவும் பெருவுக்கு மாற்றினார். ஊரையே மாற்றி எழுதியவர் ஜெயித்திருக்கிறாரே என்ற தைரியத்தில் நானும் ஒரு கரடி வாங்கிக் கணினி முன்னால் நிறுத்தினேன். மலிவான சரக்கு, காலில் ஒன்றும் கிடையாது. 1972இல் பொம்மை தயாரிப்பாளர் ஷெர்லி கிளார்க்சன் பாடிங்டன் பொம்மைக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டியதே அது நேராக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். என்னுடையது விசைப்பலகைமேல் குப்புற விழுந்தது. நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் ஒரே எழுத்தால் முக்கால் பக்கம் நிரப்பியிருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் எழுத்து வேலை பார்த்தது அது மட்டும்தான்.