சோழவரத்து ஓடுதளம்

ஒரகடம் சாலையில் இன்று புத்தம் புதிய வண்டிகளை ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ரெனோ, பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலை. என் சின்ன வயதில் இந்த வழியாக வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வந்தால் ஏரிக்கரையும் நெல்வயலும்தான். நல்ல வேகத்தில் கார் ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் மெட்ராசுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, சோழவரம் போக வேண்டும்.

அங்கே இருந்தது விமானம் வராத விமான ஓடுதளம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசியதும் மெட்ராஸ்வாசிகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். அந்த யுத்த காலம் விட்டுப்போனவைதான் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஓடுதளங்கள். சூலூரும் தாம்பரமும் விமானப்படையிடம் நிலைத்தன. மற்ற பல இடங்களில் முள்தான் மண்டியது.

சோழவரத்துக்கு மட்டும் வேறு வாழ்வு கிடைத்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த வெற்றுத் தளத்தையே பந்தயக் களமாக்கியது. நீண்ட நேர்ப்பாதை இருந்தது. வளைவுக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள்.

என்னைக் கூட்டிப்போனவர் புதுப்பேட்டையில் மெக்கானிக்காக இருந்த மாமா. பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். அது எரியும் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் மாமா பிளக்கைக் கழற்றி, துணியில் பிடித்து, அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். "கரியா இருக்குடா மாப்ள, பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது" என்று சொல்லிக்கொண்டே கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார். கம்ப்யூட்டர் இல்லை, மீட்டர் இல்லை, கண்ணும் காதும்தான். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். ஆனால் என் மனசில் நிற்பது, ஃபியட்டின் எடையைக் குறைத்து, எஞ்சினைக் குடைந்து, இரவெல்லாம் விழித்த கைகள்தான்.

ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமில்லை. அதனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு களம் அமைத்தார்கள், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். 1990இல் பந்தயம் இங்கே வந்துவிட்டது. கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி காரில்தான் நரேன் கார்த்திகேயன் இங்கே பந்தயத்தைத் தொடங்கினார். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததும், 1998இல் முதல் சான்ட்ரோவை வெளியிட்டதும் அதற்குப் பிறகுதான். இன்று ஒரகடத்திலேயே வாகனங்களைச் சோதிப்பதற்கென்று தனி ஆய்வு மையமும் ஓட்டப்பாதைகளும் இருக்கின்றன. பந்தயத்தைப் பார்த்துத்தான் ஆலைகள் வந்தன என்று சொல்லமாட்டேன். துறைமுகமும் நிலமும் அரசின் சலுகையும் அழைத்து வந்தவை அவை. ஆனால் எஞ்சினைப் பிரித்து அதன் குறையைக் கண்ணால் படிக்கிற ஒரு கூட்டம் இந்த நகரத்தில் முன்பே உருவாகியிருந்தது. அவர்களுக்கு சோழவரம்தான் கல்லூரி.

ஓட்டியவர்களின் பெயர்கள் கோப்பைகளில் இருக்கின்றன. ஸ்பேனர் பிடித்தவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? மாமா போய்விட்டார். அவரோடு வேலை செய்தவர்கள் சிலர் புதுப்பேட்டையிலும் ராயப்பேட்டையிலும் எண்பதை நெருங்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் கோடிகளைப் போட்டிருக்கும் நிறுவனங்களையும் பந்தயக் கிளப்பையும் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் வீடு தேடிப் போங்கள், உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள். இந்த வருஷமே செய்யுங்கள்.