தாத்தாவும் லட்சுமியும்

வயல் பெரியப்பாவுக்கு, வீடு சித்தப்பாவுக்கு. அப்பா பங்குக்கு வந்தது ஒரு ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா. அவரிடமிருந்து எனக்கு. தோல் உறையைத் திறந்தால் இன்றைக்கும் செருப்புக்கடை வாசம்.

அதில் ஃபோகஸ் செய்ய ஒன்றும் கிடையாது. வெயில், மேகம் என்று இரண்டு அடையாளம் உண்டு. திருநெல்வேலியில் இரண்டாவதற்கு வேலையே இல்லை. 120 ரோலில் 12 படம். ரோல், ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’. குளிர் ஊரில் பிறந்தது வெயில் தாங்காது என்று தாத்தா அதைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். மாட்டும்போது வெளிச்சம் ஏறிவிடக்கூடாதே, ஜமுக்காளத்துக்குள் புகுந்துகொள்வார். உள்ளேயிருந்து இருமல் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

“ஏல, கிட்ட வராத, மங்கிப் போயிருவ!” என்று பத்தடி தள்ளித்தான் நிறுத்துவார். காசு மிச்சம் பிடிக்க, 6 செ.மீ. சதுரத்தில் அப்படியே பிரிண்ட். முகம் உளுந்து அளவு இருக்கும். ஆல்பத்தில் நாங்கள் எல்லோருமே தூரத்துச் சொந்தம்தான்.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும், பின்னால் உள்ள சிவப்பு ஓட்டையில் அடுத்த எண் வரும்வரை திருகவேண்டும். மறந்தால் கேமரா ஒன்றும் சொல்லாது. எடுத்த படத்தின் மேலேயே இன்னொன்றை ஏற்றிக்கொள்ளும். தாத்தா மறந்ததே இல்லை. மறந்தவர் சித்தப்பா. தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தவர், திருகாமலே தொழுவத்துக்குப் போய் லட்சுமியையும் எடுத்துவிட்டார். கழுவி வந்ததில், தாத்தா வயிற்றுக்குக் குறுக்கே பசு நிற்கிறது. தோளில் ஒரு கொம்பு. ஒரு மாதம் அவர் சித்தப்பாவோடு பேசவில்லை.

தாத்தாவின் பதினாறாம் நாளுக்கு மாலை போடப் படம் தேடினோம். பரணில் இருந்த பிஸ்கட் டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. ஊரையே எடுத்தவர் இருந்தது அந்த ஒன்றில்தான். ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மாட்டை எடுத்துரலாம் சார். கூடவே ஐயாவோட ஒரு காது போயிரும்” என்றார்.

ஆச்சியிடம் கேட்டோம்.

“அது இருந்துட்டுப் போட்டும்ல. அது செத்தப்போ ரெண்டு நாளு பச்சத்தண்ணி குடிக்கல உங்க தாத்தா.”

கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடியைத் துடைத்துச் சந்தனப்பொட்டு வைக்கிறாள் ஆச்சி, இரண்டு நெற்றிக்கும்.