‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்’: ஈகையின் காலதாமதம் குறித்த ஓர் ஆய்வு

உதவி கேட்டவர் பேசி முடிப்பதற்கும் கேட்கப்பட்டவர் பர்ஸைத் திறப்பதற்கும் நடுவே ஓடும் நேரமே இவ்வாய்வின் பொருள். கிறிஸ்தவ ஈகையைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எவ்வளவு என்பதிலேயே நின்றுவிடுகின்றன: பத்தில் ஒன்றா, அது மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா. எப்போது என்ற கேள்வியை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் ஆய்வுக்கூடம் ஞாயிறுதோறும் திறந்திருக்கிறது. நீளக் கைப்பிடி போட்ட வெல்வெட் காணிக்கைப் பை முன்வரிசையில் இருக்கும்போதே பின்வரிசைக்காரரின் விரல்கள் நூறு ரூபாய்த் தாளைத் தொட்டுவிடுகின்றன. பாட்டில் இரண்டு சரணம் போவதற்குள் அது ஐம்பதாகிறது. பை பக்கத்து இருக்கைக்கு வந்து சேரும்போது நாலாக மடித்த இருபது, உள்ளங்கைக்குள் ஒளிந்திருக்கிறது. நடுவில் அவருடைய வருமானம் குறைந்ததாகத் தெரியவில்லை. நேரம்தான் போயிருக்கிறது. ஆகவே, ஈகை காத்திருக்கக் காத்திருக்கக் கரையும் என்பது நமது கருதுகோள்.

அந்த இடைவெளி சும்மா இருப்பதில்லை. அதை நிரப்பச் சில வாக்கியங்கள் உண்டு. ‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன், பிரதர்’ என்பது அவற்றில் தலையாயது. தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்கும்போது இந்த ஜெபம் தேவைப்படுவதில்லை என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, ‘வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.’ இதற்கு வேதாகமத்திலேயே எதிர்ச்சான்று இருக்கிறது. 3000 ஆடும் 1000 வெள்ளாடும் வைத்திருந்த நாபால், தாவீதின் ஆட்கள் ஆகாரம் கேட்டு வந்தபோது, தாவீது யார் என்று விசாரணை நடத்தினான். அவன் மனைவி அபிகாயிலோ விஷயம் காதில் விழுந்ததும் 200 அப்பம், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த ஆடு 5, அத்திப்பழ அடை 200 என்று கழுதைகள்மேல் ஏற்றி அனுப்பிவிட்டாள் (1 சாமுவேல் 25). வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் வேதம் மறக்காமல் பதிவு செய்கிறது. 400 பேர் வாளோடு வந்துகொண்டிருந்தது அவளுடைய வேகத்துக்கு ஒரு காரணம்தான். ஆய்வு நேர்மை கருதி அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மம்ரேயில் ஆபிரகாமை யாரும் மிரட்டவில்லை. வெயில் நேரத்தில் முன்பின் தெரியாத மூன்று பேரைக் கண்டதும் அந்தக் கிழவர் ஓடுகிறார். சாராளை மாவு பிசைய அவசரப்படுத்துகிறார். கன்று பிடிக்க மறுபடி ஓடுகிறார்.

தாமதத்தின் பக்கமும் சான்று இல்லாமலில்லை. எருசலேம் ஏழைகளுக்கென்று கொரிந்து சபையார் முந்தின வருஷமே கொடுக்க முன்வந்திருந்தார்கள். பவுலும் அதை மக்கெதோனியாவில் பெருமையாகச் சொல்லிவிட்டார். பணம்தான் சேர்ந்தபாடில்லை. கடைசியில் மானம் போகாமலிருக்கத் தீத்துவையும் வேறு சகோதரர்களையும் முன்கூட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. கட்டட நிதிப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டுக் கமிட்டிக்காரரைக் கண்டால் வேறு வாசலால் போகிறவர்களின் வம்சாவளி இங்கே தொடங்குகிறது எனலாம்.

உடனே கொடு என்பதற்கு இரண்டு மறுப்புகள் வரும். கேட்கிறவன் ஏமாற்றுக்காரனாக இருந்தால்? லேமினேட் செய்த மருந்துச் சீட்டை நாமெல்லாரும் அறிவோம். மாதக்கணக்கில் ஆறாத நோயும் மாதக்கணக்கில் கசங்காத காகிதமும் சந்தேகத்துக்கு உரியவைதாம். ஆனால் சந்தேகப்படுகிறவர் விசாரிக்க வேண்டும். சீட்டை வாங்கிக்கொண்டு எதிரே இருக்கும் மெடிக்கலுக்கு நடந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும், மாத்திரையும் கிடைத்துவிடும். விசாரிக்கவும் செய்யாமல் கொடுக்கவும் செய்யாமல் நிற்பதை ஜாக்கிரதை என்ற கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. அவரவர் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கச் சொன்னவரும் அதே பவுல்தானே, யோசிக்காமல் கொடுப்பது எப்படிச் சரியாகும் என்பார்கள். யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் எப்போது யோசிப்பது என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்: வாரத்தின் முதல் நாளில், அவரவர் வீட்டில், பணத்தைத் தனியே எடுத்து வைக்கும்போது. அதாவது கேட்கிறவர் வாசலுக்கு வருமுன்பே தீர்மானம் முடிந்திருக்க வேண்டும். மிசோரம் கிறிஸ்தவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்வது இதுதான். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று ஒதுக்குகிறார்கள். நம் தென்மாவட்ட வீடுகளின் பிடி அரிசிப் பானைக்கும் இதே கணக்கு. எந்த ஊழியருக்கு, என்ன தேவைக்கு என்று அந்தக் கை அடுப்படியில் நின்று விவாதிப்பதில்லை. உடனடியாகக் கொடுப்பவர் அவசரக்காரர் அல்லர். யோசனையை முந்தின வாரமே முடித்துவிட்டவர்.

மேலாய்வுக்கு ஒரு துறை மிச்சமிருக்கிறது. சபை வாட்ஸ்அப் குழுவில் ஆபரேஷன் செலவுக்கு உதவி கேட்டு வரும் செய்திக்குக் கூப்பிய கைகளும் ‘ஆமென்’களும் ஒரு நிமிடத்துக்குள் வரிசையாக வந்து விழுகின்றன. அதே செய்தியின் அடியில் ஜிபே எண்ணும் இருக்கிறது. அதற்கு மட்டும் சிக்னல் கிடைக்காததன் காரணத்தைத் தொலைத்தொடர்பு வல்லுநர்கள்தாம் கண்டுபிடிக்க வேண்டும்.