எம்மாக்காரர்

சனிக்கிழமை விடியற்காலையில் திருநள்ளாற்றுச் சாலையில் நின்று பார்த்தால் தெரியும், தமிழ்நாட்டுக் கவலையெல்லாம் வேன் பிடித்து எங்கள் காரைக்காலுக்கு வருவது. நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, எள் விளக்குப் போட்டு, பீடையை இங்கேயே இறக்கிவிட்டுப் போவார்கள். சனீஸ்வரனிடம் சொல்ல முடியாதவர்களுக்குத் தேற்றரவு அன்னை ஆலயம். ஆறுதல் பெயரிலேயே இருக்கிறது. மஸ்தான் சாகிபு தர்காவுக்கு யாரும் வரலாம், எந்தக் குறையையும் சொல்லலாம். இந்த மூன்றிலும் தீராத துக்கத்துக்குப் புதுச்சேரி அரசின் மலிவு வரியில் கடைகள் இருக்கின்றன. மாயவரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். சுமார் 160 சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை ஆறுதலை வேறெந்த ஊரும் திரட்டி வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்பேர்ப்பட்ட ஊரில், எந்த ஆறுதலும் வேண்டாம் என்று மறுத்து, போதாக்குறைக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து துக்கத்தை இறக்குமதி செய்கிற ஒரு ரகம் இருக்கிறது. தெருவுக்கு ஒருவர் என்றால் மிகை. பேட்டைக்கு ஒருவர் நிச்சயம். எம்மாக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் சொல்கிறேன். வயது இருபத்தைந்துக்கு மேல், முப்பத்தைந்துக்குக் கீழ். சென்னையில் கணினி வேலை. ஊரடங்கின்போது மடிக்கணினியோடு வந்தவர், திரும்பிப் போகவில்லை. ஆனி வெயிலிலும் கட்டம் போட்ட முழுக்கைக் கம்பளிச் சட்டை. திருத்தப்படாத தாடி, அந்தத் திருத்தப்படாத தன்மையைக் காப்பாற்ற மாதம் இரண்டு முறை சலூனுக்குப் போவார். காதை மூடிய பெரிய ஹெட்போன். மாலையில் கடற்கரையில், பஜ்ஜிக் கடைகளுக்கு முதுகு காட்டி, அரசலாறு கடலில் சேரும் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். தாடி, கடல், சோக முகம், அதுவும் காரைக்கால். வெளியூர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்? பக்கத்தில் வந்து குந்தி, "தம்பி, இங்க நல்ல கடை எது?" என்று ரகசியமாகக் கேட்பார். ராத்திரி பால் குடித்துவிட்டுப் படுக்கிற மனிதரிடம் இப்படிக் கேட்டால் புண்படாதா?

இவர் உள்ளத்தை உருக்குவது 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற ஆல்பம். 'போன் ஈவேர்' என்ற பெயரில் அதைச் செய்தவர் ஜஸ்டின் வெர்னன். கதையை எம்மாக்காரர் வாயால் கேட்க வேண்டும். இசைக்குழு உடைந்தது, காதல் உடைந்தது, உடம்புக்கும் வந்தது. 2006இன் கடைசியில் மனிதர் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போய்க் குளிர்காலம் முழுவதும் தனியாகக் கிடந்தார். கையில் இருந்த பழைய மைக்கையும் கிதாரையும் வைத்து, ஒற்றைக் குரலையே மேலே மேலே அடுக்கி, கீச்சுக்குரலில் ஒன்பது பாட்டுப் பதிவு செய்தார். 2007இல் தானே சில நூறு பிரதிகள் போட்டார். 2008இல் ஒரு கம்பெனி எடுத்து வெளியிட்டதும் உலகமே அழுதது.

இதை அவர் பாரதியார் சாலை டீக்கடையில் ஒருநாள் சொன்னபோது நான் இருந்தேன்.

"மூணு மாசம் தனியா இருந்தாருண்ணே. மான அடிச்சுத்தான் சாப்பிட்டாரு."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மான் அடிச்சாரா? ஃபாரஸ்ட்காரன் ஒண்ணும் சொல்லலியா?"

"அது அமெரிக்காண்ணே."

"அதான பாத்தேன். இங்கன்னா கேஸு."

உலக இசை வரலாற்றின் ஒரு கண்ணீர்த் துளி அன்று இப்படி வனத்துறைப் பக்கம் உருண்டுபோனது. எம்மாக்காரர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். கையில் இருந்த வடையை மட்டும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். இந்த ரகத்துக்குப் பசி கெடுவதே கிடையாது. மத்தி வறுவல் இருந்தால் இன்னொரு கை சோறு கேட்கிற சோகம் அது.

வீட்டில் நிலைமை வேறு. தூக்கத்தில் மகன் எம்மா என்று முனகியதை அவர் அம்மா கேட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, பூசை முடிந்து தேற்றரவு அன்னை ஆலயத்திலிருந்து வெளியே வந்த ஒரு டீச்சரை ஓரமாக அழைத்து, "எம்மான்னு ஒரு பொண்ணாம். கோட்டுச்சேரியா, டி.ஆர்.பட்டினமான்னு தெரியல. நல்ல குடும்பமான்னு மட்டும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். அப்படி ஒரு பெண்ணே இல்லை, அது பாட்டு என்று தெரிந்தபோது அவருக்கு வந்தது நிம்மதி அல்ல, ஏமாற்றம். கல்யாணத்துக்கு மனத்தளவில் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு இது ஏழரைதான் என்று முடிவு கட்டி, ஒரு சனிக்கிழமை மகனை நளதீர்த்தத்தில் முழுக வைத்தார். ஹெட்போனைக் கழற்ற மட்டும் அரை மணி நேரம் ஆனது. நளனைப் பிடித்த சனியே அந்த ஊரில் விட்டதாகத்தான் புராணம். இவரைப் பிடித்தது அமெரிக்கச் சனி. அர்ச்சனை தமிழில் நடந்ததால் அதற்குப் புரியவில்லை போலும்.

அப்பா இதில் தலையிடுவதில்லை. தலையிடும் யோக்கியதை அவருக்குக் கிடையாது. 1980இல் 'ஒரு தலை ராகம்' வந்தபோது அவருக்கு இருபது வயது. கதை, பாட்டு, இசை எல்லாம் மாயவரத்து டி. ராஜேந்தர், படத்தில் ஓடும் ரயில், நம் பக்கத்து மாயவரம் – தரங்கம்பாடி ரயில். பக்கத்து ஊரிலேயே இவ்வளவு துக்கம் விளையும்போது சும்மா இருக்க முடியுமா? அவரும் தாடி வைத்தார். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, கேசட் கடையில் கொடுத்து, இரண்டு பக்கமும் சோகமாகவே பதிந்து வாங்கினார். அந்நாளில் இந்தக் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாகக் கேட்கும். அப்துல் ஹமீதின் குரல் கேட்டதும் தெருவே வேலையை நிறுத்தும். அதில் தம் பெயர் ஒருநாள் வரும் என்று அஞ்சலட்டை அட்டையாகப் போட்டார். ஒருவரைக்கூட ஒருதலையாகக் காதலிக்காமல் ஒருதலைக் காதலராகவே நாலு வருஷம் திரிந்தார். பெண் பார்த்து முடித்ததும் தாடியை எடுத்துவிட்டார். அந்த ரயிலையும் 1980களில் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அப்பாவின் சோகம் கூட்டுச் சொத்து. ஒருவன் கேசட் வாங்கினால் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டு, பத்துப் பேரும் பெருமூச்சு விட்டுவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போவார்கள். மகனுடையது தனிச்சொத்து, பட்டா அவர் பெயரில். கேட்பதற்கு அவர் வைத்திருக்கும் ஆசாரம் எந்த மடத்திலும் கிடையாது. முப்பத்தேழு நிமிட ஆல்பத்தை நடுவில் நிறுத்தக்கூடாது, வரிசை மாற்றக்கூடாது, விளக்குப் போடக்கூடாது. வீட்டில் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வார், வெளியே முப்பத்தெட்டு. வடகிழக்குப் பருவமழைதான் இவருக்குத் திருவிழாக் காலம். ஐப்பசியில் புயல் சின்னம் என்று வானொலி சொன்னால், கிளிஞ்சல்மேட்டில் படகை மேட்டுக்கு இழுப்பார்கள். இவர் ஹெட்போனைச் சார்ஜில் போடுவார். 2004 சுனாமியில் வீட்டையும் மனிதர்களையும் கொடுத்தவர்கள் அந்தக் குப்பத்தில் இருக்கிறார்கள். அவர்கள் படகில் ஓடுவது, நான் கேட்டவரை, குத்துப் பாட்டுத்தான். இதை எம்மாக்காரரிடம் சொன்னேன். "அவங்களுக்கு டேஸ்ட் இல்லண்ணே" என்றார். நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

பனியைப் பற்றி அவர் பேசும்போது பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஜெர்மனி முகாமில் குளிர்காலங்களைக் கழித்து, இப்போது பென்ஷனோடு சாய்வு நாற்காலியில் இருப்பவர். "பனியில ஒத்தையா நிக்கிறவன் பாட மாட்டான் தம்பி. மூக்கு ஒழுகும்" என்பார். "அந்தப் பய வீட்டுக்குள்ள கணப்புப் போட்டுக்கிட்டு உக்காந்து பாடியிருக்கான்." குடில் என்றாலே ஓலைக் குடிசை என்று அதுவரை நினைத்திருந்த எம்மாக்காரருக்கு இது பெரிய அடி.

இதைவிடப் பெரிய அடி காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் விழுந்தது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டிப் பிச்சாண்டவர் வீதி வர, மாடிகளிலிருந்து பக்தர்கள் மாம்பழத்தை வாரி இறைக்க, கீழே ஊரே கையேந்தி நிற்கிறது. எம்மாக்காரர் மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி தம் பாட்டியிடம் ஆராய்ச்சி சொன்னார்:

"அம்மையார்தான் பாட்டி மொத இண்டி ஆர்ட்டிஸ்ட். புருஷன் விட்டுட்டுப் போனாரு. எல்லாத்தையும் விட்டுட்டு, தனியா திருவாலங்காட்டுச் சுடுகாட்டுல உக்காந்து பாடினாங்க. எம்மா ஆல்பம் அப்படியே இதுதான்."

பாட்டி கையில் பிடித்த மாம்பழத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவுங்க எங்கடா அழுதாங்க? புருஷன் கால்ல வுழுந்ததும் இந்த அழகே வேணாம்னு பேயுருக் கேட்டு வாங்கிக்கிட்டு, கயிலாயத்துக்குத் தலையால நடந்து போனாங்க. ஒன்ன மாடிக்குப் போயித் துணி எடுத்துட்டு வாடான்னு நாலு தரம் கூப்புடணும்."

மூத்த திருப்பதிகத்துக்குப் பாட்டியின் உரை இது. பெரியபுராணத்துக்கு விரோதமாக இதில் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்த ரகத்தின் உண்மையான வேதனை எம்மா அல்ல. தாம் கேட்பதை மற்றவர்கள் கேட்பதுதான். எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஊரெல்லாம் லிங்க் அனுப்புவார். யாராவது நிஜமாகவே கேட்டுவிட்டால் முகம் சுருங்கும். வெர்னன் 2012இல் கிராமி வாங்கியதை மன்னித்துவிட்டார், அப்போது தாம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காரணத்தால். 2020இல் டெய்லர் ஸ்விஃப்டோடு சேர்ந்து பாடியதை இன்றுவரை மன்னிக்கவில்லை. குடிலில் தனியாகக் கிடப்பார் என்று நம்பிய மனிதர் இப்படிக் கூட்டத்தோடு சேர்ந்தால் எப்படி?

கடைசி அடியை உள்ளூர் சலூன் தம்பி கொடுத்தார். தாடியைத் திருத்தாமல் திருத்த வந்த எம்மாக்காரர், பெரிய மனது வைத்து அந்தப் பாட்டுகளைத் தம்பியின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அடுத்த முறை போனபோது கடையில் அதே கீச்சுக்குரல், பெரிய ஸ்பீக்கரில், கத்தரிச் சத்தத்துக்குத் தாளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருந்த நாலு பேரில் ஒருவர் தொடையில் தட்டுகிறார். "நல்லாருக்கு தம்பி, தூக்கம் சொக்குது" என்கிறார் சவரத்துக்கு முகம் கொடுத்திருந்தவர். எம்மாக்காரர் வாசலோடு திரும்பினார்.

இப்போது எம்மா கிடையாது. அம்மாவுக்கு அதில் சந்தோஷம். புதிதாகப் பிடித்திருப்பது நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்', 1972. அரை மணி நேரம்கூட ஓடாது. கிதாரும் குரலும், ஓரிடத்தில் கொஞ்சம் பியானோ. உயிரோடு இருந்தவரை யாரும் வாங்கவில்லை. 1974இல் இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். "இவரு கிராமி வாங்க முடியாதுண்ணே, யார்கூடயும் சேந்து பாட முடியாது" என்று கடற்கரையில் என்னிடம் சொன்னபோது, அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. 1999இல் அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை ஃபோக்ஸ்வேகன் கார் விளம்பரத்தில் போட்டதும், அதற்குப் பிறகு அந்த ஆல்பம் விற்க ஆரம்பித்ததும் எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. அடுத்த சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்று இருக்கிறேன்.