பாரி கவாத்து செய்யவில்லை

கொடிக்குக் கொழுகொம்பு கொடுத்தவர்களில் பாரியை மிஞ்ச ஆளில்லை. பற்றுக்கோடின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் பறம்புமலைக்கு நடந்து போனான். சிறுபாணாற்றுப்படை முதல் பள்ளிப் பாடநூல் வரை எல்லோரும் பாராட்டியாயிற்று. அடுத்த ஆண்டு அந்தத் தேர் என்ன ஆனது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. முல்லை வளர்த்தவர்களுக்கு விடை தெரியும். அச்சும் ஆரக்காலும் கண்ணுக்குத் தெரியாமல் மூடியிருக்கும். அடியில் இலையற்ற குச்சிகள், உச்சியில் நாலே நாலு பூ, அதையும் பறிக்க ஏணி வேண்டும். கொடையைப் பற்றி நம்மிடம் இலக்கியம் ஏராளம். கவாத்தைப் பற்றி ஒரு பாட்டும் கண்ணில் படவில்லை. இப்பெருங்குறையைப் போக்கவே இச்சிறு நூல் எழுந்தது என்க.

ஆய்வுக்கு ஆனைகட்டியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கோவையிலிருந்து தடாகம், மாங்கரை சோதனைச் சாவடி தாண்டி சுமார் 30 கிலோமீட்டர். கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். மேற்கே கொட்டித் தீர்க்கும் மழை இங்கு வரும்போது இளைத்துவிடும். 1990-இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம் இங்கேதான் இருக்கிறது. நகரத்தில் வசதி சேர்ந்தவர்கள் கட்டிய தோட்ட வீடுகளும் இங்கே இருக்கின்றன. வாயில் வளைவில் காகிதப்பூ, போர்டிகோவில் ரங்கூன் மல்லி, பின்சுவரில் நீலத் தன்பெர்ஜியா என்பது பொது வழக்கு. உரிமையாளர் சனி, ஞாயிறு மட்டும் வருகிறார். கொடிக்கு வாரம் ஏழு நாள். கொடிச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஐந்து நாள் வித்தியாசத்தில் பிறக்கின்றன.

கொடியுடையார் இரு வகைப்படுவர். பாரி மரபினர் எதையும் வெட்டமாட்டார்கள். "பாவம், அதுபாட்டுக்குப் போகட்டும்" என்பது இவர்கள் நூற்பா. மொட்டை மரபினர் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் விருந்தாளி வருகிறார் என்று தெரிந்ததும், அருவாளோடு ஆள் அனுப்பித் தரையோடு சீவிவிடுவார்கள். இருவருக்கும் பொதுவான குணம் ஒன்று: நன்றாகப் பூத்திருக்கும்போதுதான் கொடி கண்ணில் படும். தோட்ட வேலைக்கு வந்த பெரியவருக்கும் வீட்டம்மாவுக்கும் நடந்த ஓர் உரையாடலை இவ்விடத்தில் சான்றாகக் கொள்க.

"ஏனுங்க, பூவு இருக்கறப்பப் போயி வெட்டறீங்களே?"

"பூவு இல்லாதப்ப நீங்க கூப்புடறதில்லீங்களே, அம்மிணி."

அறிவியல் பெரியவர் பக்கம். கொடியின் நுனிமொட்டு ஆக்சின் என்ற பொருளைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை பக்க மொட்டுகள் தூங்கும். நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக்கொள்ளும். 1930-களில் கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூகும் அவரை இனச் செடியின் நுனியை நறுக்கி, வெட்டுவாயில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். தலை போன பிறகும் பக்க மொட்டுகள் எழவில்லை. தலைவர் இல்லாவிட்டாலும் அவர் பெயரால் அறிக்கை வந்துகொண்டிருந்தால் போதும், இரண்டாம் வரிசை தலையெடுக்காது என்பது நம் கட்சிகளில் எப்போதோ நிறுவப்பட்ட உண்மை. தாவரவியலுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

காகிதப்பூவுக்கு இது முழுக்கப் பொருந்தும். அது புதுத் தளிரில்தான் பூக்கும். ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் வெட்டினால் அடுத்த சுற்று அடர்த்தியாக வரும். வெட்டாமல் விட்டால் தெருப்பக்கம் பூவும் வீட்டுப்பக்கம் முள்ளுமாக நிற்கும். வெட்டும் முறை எளிது. கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பென்றால் அடிவரை எடுத்துவிடலாம். உயிருள்ள கிளையில் கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். கத்தரி கூராக இருக்கட்டும். நசுக்கிய வெட்டு ஆறாது. கீழே விழுந்த குச்சியை உடனே பொறுக்குக. அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும் என்பதற்குச் சான்று வேண்டாதவர்கள் மட்டும் பிறகு பொறுக்கலாம். நாம் பூ என்று படம் எடுப்பது பூவன்று, நிறமேறிய பூவடிச் செதில். மெய்யான பூ நடுவில் இருக்கும் மூன்று சின்ன வெள்ளைக் குழல்கள். புகழ் போன இடமும் அப்படித்தான். 1766-இல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயர் செடிக்கு வந்தது. பிரேசிலில் அதைச் சேகரித்தவர் தாவரவியலாளர் கொமேர்சன். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறி, உலகைச் சுற்றிய முதல் பெண்ணாக அறியப்படும் ஜான் பாரே பெயரில் வாயில் வளைவு எதுவும் இல்லை.

கொடி என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கப் பொறுமை வேண்டும். உடல்நலம் குன்றி அறையில் அடைந்து கிடந்த சார்லஸ் டார்வினுக்கு அது வாய்த்தது. ஒரு ஹாப் கொடியின் நுனி வெயில் நாளில் சராசரியாக 2 மணி 8 நிமிடத்தில் ஒரு சுற்று வருகிறது என்று குறித்து, 1865-இல் வெளியிட்டார். இந்தக் கணக்குப்படி ஆனைகட்டி உரிமையாளர் இல்லாத ஐந்து நாளில் கொடி எத்தனை சுற்று சுற்றும் என்பதை வாசகரே பெருக்கிக்கொள்க.

அடுத்து, சுவர் தாண்டிய கொடி. பக்கத்து வீட்டிலிருந்து நம் எல்லைக்குள் நீளும் கிளையை, நம் நிலத்தில் நின்றபடி, முன்னறிவிப்பின்றியே வெட்டலாம் என்கிறது 1895 தீர்ப்புத் தொகுப்பில் உள்ள லெம்மன் - வெப் வழக்கு. வெட்டலாமே தவிர, அதில் காய்த்தது மரத்துக்காரருக்கே என்று 1919-இல் இன்னொரு ஆங்கிலேய வழக்கு முடித்தது. இவ்விரு தீர்ப்புகளையும் நம் பக்கத்தில் அதிகாலை ஐந்தரை மணிக்குப் பிளாஸ்டிக் பையும் தொரட்டியுமாய் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் ஏற்கவில்லை. சுவருக்கு வெளியே பூத்தது சாமிக்கு என்பது அவர்கள் கொள்கை. எட்டும் உயரம்வரை மட்டும் பறிப்பதால் கொடியின் கீழ்ப்பாதி பூவிழந்து சீராக நிற்கிறது. கூலி கேட்காத இவர்களைக் கவாத்தாளர் கணக்கில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு.

யானையைச் சேர்ப்பதில் வேற்றுமை இல்லை. வளர்ந்த யானை நாளுக்கு 150 கிலோ வரை தின்னும். அதற்குக் காகிதப்பூ பிடிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பின்னாலிருக்கும் வாழைக்கோ பலாவுக்கோ போகிற வழியில் பந்தல் இருந்தால் போதும். கொடி, பந்தல், இரும்புக் குழாய், காம்பவுண்டுச் சுவர் நான்கும் ஒரே இரவில் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். இம்மரபைப் பிழையெனச் சொல்ல வழியில்லை. வழித்தடம் முந்தியது, வளைவு பிந்தியது.

இடுக்கிப் பக்கம் மூணாறில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. விட்டால் மரமாகிவிடும் தேயிலையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை முறை வைத்து வெட்டி, இடுப்பளவில் சமமாக நிறுத்துகிறார்கள். அங்கே கவாத்துக்குக் கணக்கும் கங்காணியும் உண்டு, அழகுக்கொடிக்கு யாருமில்லை.

நம் முல்லைக்கு வருவோம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். முல்லையைத் தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. விட்டு மேலுள்ளதை வெட்டிவிட வேண்டும். அந்த உயரத்துக்குத் தேர் தேவையில்லை. பாரி வண்டியேறி வீடு போயிருக்கலாம்.

மிச்சமிருப்பது வெட்டிய குப்பை. அதை எங்கே போடுவது என்பதற்கு முன், இடம் மாறிப் பரவிய சில செடிகளின் கதை. உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. இன்று இந்தியப் புலிக் காடுகளின் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. மலையாளத்தில் திருதராட்டிரப் பச்சை என்று பேர் வாங்கிய மிகானியா கொடி, அறுபட்ட கணு ஒவ்வொன்றிலும் வேர் விட்டு, தழுவிய மரத்தை மூடிவிடும். நீலத் தன்பெர்ஜியா நம் வடகிழக்கிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போய், நிலத்தடிக் கிழங்கோடு களையாகக் குடியேறியிருக்கிறது. உண்ணியும் தன்பெர்ஜியாவும் யாரோ ஒருவர் தோட்டத்து வேலியைத் தாண்டிப் போனவைதான். ஆகவே ஆனைகட்டியில் வீடுடைய பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கவாத்து செய்த கொடியைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீசாதீர்கள். அங்கே தொடங்குவது காடு. சிமென்ட் தரையில் பரப்பி, கணு சுருங்கும்வரை வெயிலில் காயவிட்டு, உங்கள் உரக்குழியிலேயே போடுங்கள்.