கேட்காமலே கிடைக்கும் டி.சி.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போகலாம், தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்துக்கு. வீடு மாறும் பையன் அன்றே போய்ச் சேர்ந்துவிடுவான். அவனுடைய பதிவு போய்ச் சேரத்தான் நாளாகும்.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் தளம் 2022-23 முதல் மாணவர் வாரியாகக் கணக்கெடுக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘பென்’ என்றொரு நிரந்தர எண். பள்ளியை விட்டவன் பெயர் ‘டிராப் பாக்ஸ்’ என்ற பெட்டிக்குள் போகும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க மறந்தால்? கோட்டக்குப்பத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிறவன், கணினியின் கண்ணுக்கு எந்தப் பள்ளியிலும் இல்லாதவன்.

பள்ளி மாறும்போது கையில் வாங்கும் தாள் ஒன்றும் உண்டு: டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ். எட்டாம் வகுப்பு வரை அதை உடனே தரச் சொல்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். இழுத்தடிக்கும் தலைமையாசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு.

ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சட்டம் வராது. ஆனாலும் சில தனியார் பள்ளிகளின் தாராளத்தைப் பாருங்கள்: மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு, யாரும் கேட்காமலே, ஆண்டு முடிவில் டி.சி. தயாராக இருக்கும். மறு வருடம் வாசலில் ‘பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர். ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பேனர் அடிக்கிற கடைக்காரரா கேட்கப்போகிறார்?