பல்லைப் புடிச்சுப் பாரு மாப்ளே

வாடா மாப்ளே, வா. பையைத் திண்ணையில வையி. உள்ள என்னடா கடகடங்குது? ஆப்பிள் சிடர் வினிகர், சியா விதை, மஞ்சள் மாத்திரை... சரிதான். உங்க அத்தை இடிச்சு வச்ச மஞ்சள் அடுப்பங்கரையில சும்மா கெடக்கு. அது மாத்திரையா உருண்டு வந்தாத்தான் உன் உடம்புல ஒட்டும்போல. போன வருசம் வந்தப்ப முட்டையில மஞ்சக்கருவைத் தோண்டி நாய்க்குப் போட்டே. இந்த வருசம் மஞ்சக்கருவுலதான் சத்துன்னு வழிச்சுத் திங்கிறே. நாய் வாசல்லயே நின்னு உன் வாயைப் பாக்குது.

கேட்டா, "ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க மாமா"ங்கிறே. எங்க வந்துச்சு? போன்ல வந்துச்சாம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அதைச் சொன்ன மவராசன் வாட்ஸ்அப் வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டான். நான் நாப்பது வருசம் மணப்பாறைச் சந்தையில தரகு பாத்தவன். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, ஆளை ஏமாத்துற வித்தை தெரியும். (செஞ்சேன்னு சொல்லலை, தெரியும்னுதான் சொல்றேன்.) மிச்சத்தைப் பேத்தி சொல்லிக் கொடுத்தா. காலேஜுல புள்ளியியல் படிக்கிறாள்ல.

2015ல ஜெர்மனியில ஒரு கூத்து நடந்துச்சு. மாவுச்சத்தைக் கொறைச்சுக்கிட்டு, கூட கறுப்பு சாக்லேட்டும் தின்னா உடம்பு சீக்கிரம் இளைக்கும்னு ஒரு ஆராய்ச்சி. 'பில்ட்'னு அங்க பெரிய பத்திரிகை, முன்பக்கத்துலயே போட்டுட்டான். பல நாட்டுல நாக்கைச் சப்புக்கொட்டுனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதைச் செஞ்ச ஜான் போஹானனே எந்திரிச்சு, "நான் பத்திரிகைக்காரன், உங்களை எவ்வளவு சுலபமா ஏமாத்தலாம்னு காட்டத்தான் செஞ்சேன்"னார். அதுல கூத்து என்னன்னா, சோதனை நெசமாவே நடந்தது. சாக்லேட் தின்னதும் நெசம், எடை பாத்ததும் நெசம். ஆனா ஆளுங்க மொத்தம் 15. நடந்தது 3 வாரம். அளந்ததோ எடை, கொழுப்பு, தூக்கம்னு 18 சங்கதி.

இங்கதான்டா தொழில் இருக்கு. மாட்டுக்கு நடை சரியில்லைன்னு வையி, தரகன் என்ன செய்வான்? சுழி பாக்க ஆரம்பிப்பான். நெத்தியில, கழுத்துல, திமிலுக்குப் பக்கத்துல, முதுகுல. 18 இடத்துல தேடுனா எந்த நோஞ்சானுக்கும் ஒரு ராசிச் சுழி அம்புட்டுரும். அம்புட்டதைச் சந்தைக்கே கேக்குற மாதிரி கத்தணும், அம்புடாத 17ஐ முழுங்கிடணும். போஹானன் செஞ்சதும் அதேதான். அந்தத் தடவை எடையில சுழி கெடைச்சுது. தூக்கத்துல கெடைச்சிருந்தா, சாக்லேட் தின்னாத் தூக்கம் வரும்னு எழுதியிருப்பார், நீயும் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்திருப்பே. சாக்லேட்டுல ஒரு மண்ணும் இல்லைன்னாலும், 18 இடத்துல பாத்தா எங்கயாவது ஒண்ணு பொய்யாத் தேறுறதுக்கு நூத்துக்கு அறுபது வாய்ப்பு இருக்குன்னு பேத்தி கணக்குப் போட்டுக் காட்டுனா. நாப்பது வருசம் சோறு போட்ட வித்தைக்குக் கணக்கு இருக்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இன்னொண்ணு. பொங்கலுக்குக் கொம்புல வர்ணம் அடிச்ச காளை கொழுகொழுன்னு நிக்கும். வர்ணத்தாலயா கொழுத்துச்சு? வர்ணம் வாங்க வக்குள்ளவன் புண்ணாக்கும் வைப்பான், பருத்திக்கொட்டையும் வைப்பான். அது மாதிரித்தான் இதுவும்: கேரட், கீரை நெறையத் தின்னவங்களுக்கு நுரையீரல்ல புத்துநோய் கம்மியா இருந்துச்சாம். ஆகா, அதுல இருக்கிற பீட்டா கரோட்டின்தான் காப்பாத்துதுன்னு நெனச்சுட்டாங்க. பின்லாந்துக்காரன் கெட்டிக்காரன், சோதிச்சுப் பாத்துருவோம்னான். பீடி சிகரெட்டு ஊதுற 29,000 ஆம்பளைங்களைக் குலுக்கல் போட்டுப் பிரிச்சு, வருசக்கணக்கா பாதிப் பேருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தான். குலுக்கல்தான்டா இதுல நேர்மை. பருத்திக்கொட்டை தின்ன மாடும் பட்டினி மாடும் ரெண்டு தொழுவத்துலயும் கலந்து நிக்கும் பாரு. 1994ல எண்ணிப் பாத்தா, மாத்திரை தின்னவங்களுக்கு நுரையீரல் புத்துநோய் 18 சதவீதம் கூடுதல்! இதைக் கேட்டுத்தான் பீடியை விட்டேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். உங்க அத்தை ஒளிச்சு வச்சதாலதான் விட்டேன்.

இந்தப் பதினெட்டு நம்மளை விடாதுபோல, கருப்புசாமி படி மாதிரி. அதே 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய்ப் பிரிவு சொன்னதை நீதான் அனுப்புனே: பதப்படுத்துன கறியை நாளைக்கு 50 கிராம் தின்னா குடல் புத்துநோய் 18 சதவீதம் கூடுமாம், புகையிலை இருக்கிற அதே பட்டியல்ல கறியும் இருக்காம். ஏன்டா, தரகு 18 சதவீதம் கூட வேணும்னா, முதல் எவ்வளவுன்னு கேப்பியா மாட்டியா? நூத்துல அஞ்சு பேருக்கு வர்ற நோய் 18 சதவீதம் கூடுனா ஆறு பேருக்கு வரும். ஆறாவது ஆளுக்கு அது பெருசுதான், நான் இல்லைங்கலை. ஆனா பதினெட்டும் ஒண்ணும் ஒரே வெலையா? அந்தப் பட்டியலும் எது நிச்சயமாக் கடிக்கும்ங்கிறதைத்தான் சொல்லுது. புலியும் கடிக்கும், கட்டெறும்பும் கடிக்கும். எவ்வளவு ஆழமாங்கிறது வேற பட்டியல்.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை நானும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், ஊறுகாயையும் கொறைச்சுட்டேன். உப்பு விசயத்துல ஊர் ஊராப் பாத்தும் ஒரே பல்லுதான் தெரியுதுன்னு பேத்தி சொன்னா, வாயை மூடிக்கிட்டேன்.

இப்ப என்னடா காட்டுறே? கண்ணாடி எடு. "காபி குடிப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்." அப்படிப் போடு! இவன்தான்டா ஆராய்ச்சிக்காரன். எத்தனை பேரைப் பாத்தான், குலுக்கல் போட்டானாங்கிற கேள்வியெல்லாம் இதுக்கு எதுக்கு? பேத்தியைப் பாக்காதே, அவ அப்படித்தான் மொறைப்பா. நீ உள்ள போயி, இன்னொரு டம்ளர் காபி வேணும்னு அத்தைகிட்ட சொல்லு. கேட்டது நான்னு சொல்லாதே, உனக்குன்னு சொல்லி வாங்கியா.